குழந்தையின் மூச்சுக்குழலும் ஒரு நிலக்கடலையும்

குழந்தை என்பது அளவிற் சிறிய பெரியவர் அன்று. மருத்துவக் கல்லூரியில் நாங்கள் கேட்கும் முதற் பாடங்களுள் இதுவும் ஒன்று. கேட்க எளிதாகத்தான் இருக்கும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடலாம். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது வடக்கே வந்த முதல் ஆண்டில், ஒரு குளிர்காலத்தில்தான். சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், "காது மூக்குத் தொண்டைக்கு ஒரு வைத்தியர் என்றால் சரி, அதிலும் குழந்தைகளுக்கென்று தனியாக ஒருவரா? காது எல்லார்க்கும் காதுதானே!" என்று கேட்டார். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இக்கட்டுரை அவருக்கு நான் தரும் விடை. காலம் தாழ்ந்த விடைதான். பொறுத்தருள்வார் என நம்புகிறேன்.

மூச்சுக்குழலை முதலில் எடுத்துக்கொள்வோம். குரல்வளைக்குச் சற்றுக் கீழே மோதிரம் போன்ற குருத்தெலும்பு ஒன்று உண்டு. அதற்குக் கீழேயுள்ள மூச்சுக்குழல் வளையங்களெல்லாம் பின்புறம் திறந்த லாட வடிவின. இஃது ஒன்றே முழு வட்டம். ஆதலால் விரிந்து கொடுக்காது. பிறந்த குழந்தைக்கு இவ்விடத்தில் உள்விட்டம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். சளி பிடித்து, உட்சவ்வு சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 2 மில்லிமீட்டர் ஆகிவிடும். வழியின் பரப்பு நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். தீங்கு அத்துடன் நிற்பதில்லை. குழலில் பாயும் பொருளுக்கு எழும் தடை, குழலின் ஆரம் குறையக் குறைய அதன் நான்காம் படி விகிதத்தில் பெருகும் என்று பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840-களில் கண்டு சொன்னார். ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. பெரியவர் ஒருவரின் குழல் 16 மில்லிமீட்டர் இருக்குமானால், அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் அதை 14 ஆக்கும். தடை இரண்டு மடங்குகூட ஆகாது. அவர் தொண்டை கட்டிக்கொண்டது என்று வெந்நீர் குடித்துவிட்டு அலுவலகம் போவார். குழந்தையோ மூச்சுக்குத் திணறும்.

பௌதிகம் பயிலும் நண்பர்கள் ஒரு திருத்தம் சொல்லக்கூடும்: அந்த விதி காற்று அமைதியாக ஓடும்போதுதான் பொருந்தும். உண்மை. குழந்தை வீறிட்டு அழும்போது காற்று சுழித்து ஓடுகிறது. அப்போது கணக்கு இன்னும் மோசமாகிறது. அதனால்தான் மூச்சுத் திணறும் குழந்தையின் வாயில் கரண்டியை நுழைத்துத் தொண்டையைப் பார்க்க முந்தாதே, தாயின் மடியிலிருந்து பிரிக்காதே, ஊசியைக் காட்டாதே என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அழவிடாமல் இருப்பதும் அங்கே ஒரு சிகிச்சை.

இத்துணை ஒடுங்கிய வழியில் ஒரு நிலக்கடலை போய் விழுந்தால்?

வட இந்தியக் குளிர்காலத்தைப் பார்த்தவர்கள் இந்தக் காட்சியை அறிவார்கள். தெருமுனையில் தள்ளுவண்டி, அதில் வறுத்த வேர்க்கடலைக் குவியல், குவியலின் உச்சியில் சூடு ஆறாமலிருக்கத் தணல் வைத்த சிறு மண்சட்டி. வீடுதோறும் கணப்பைச் சுற்றி அமர்ந்து தோலுரித்துத் தின்பார்கள். மடியில் இருக்கும் குழந்தைக்கும் இரண்டு பருப்பு அன்போடு கொடுப்பார்கள். அந்த அன்பில் குற்றமில்லை. குறை பல்லில் இருக்கிறது. முன்பற்கள் கடலையைத் துண்டாக்கும். அரைக்க வேண்டியவை கடைவாய்ப் பற்கள். முதற் கடைவாய்ப் பற்கள் ஓராண்டு கடந்துதான் முளைக்கின்றன. இரண்டாவது வரிசை வர இரண்டு, இரண்டரை வயதாகும். ஆக, கடிக்கத் தெரிந்து அரைக்கத் தெரியாத ஒரு பருவம் குழந்தைக்கு உண்டு. அந்த வாயோடு அது ஓடும், சிரிக்கும், அண்ணனோடு சண்டையிட்டு அழும். அழுகைக்கு முன் மூச்சை உள்ளே இழுக்குமே, அந்த இழுப்பில் கடலைத் துண்டும் உடன் போய்விடும்.

இதைத் தமிழில் புரையேறுதல் என்கிறோம். புரை என்றால் துளை, குழல் என்று பொருள். உணவு போகவேண்டிய வழியை விட்டு வேறொரு குழலில் ஏறிற்று என்பதை ஒரே சொல்லில் நம் முன்னோர் அடக்கிவிட்டார்கள். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவதும் நம் வழக்கம். தட்டுவதால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

புரையேறிய உடன் குழந்தை பலமாக இருமும், முகம் சிவக்கும், சிலபோது உதடு நீலம் பாயும். பெரும்பாலும் இரண்டொரு நிமிடத்தில் அடங்கிவிடும். வீட்டார் கண்ணைத் துடைத்து, நீர் கொடுத்து, நிம்மதி அடைவார்கள். இங்கேதான் நோய் நம்மை ஏமாற்றுகிறது. இருமல் நின்றது, பொருள் வெளியேறியதால் அன்று. அது குரல்வளையைக் கடந்து கீழே ஒரு கிளைக்குழலில் போய்த் தங்கிவிட்டதால் இருக்கலாம். மேலே குரல்வளை கூர்மையான காவலாளி; ஒரு துளி நீரையும் பொறுக்காது. கீழேயுள்ள கிளைக்குழல் சிறிது நேரத்தில் பழகிப்போய் மௌனமாகிவிடும். அந்த மௌனம் மணிக்கணக்கில் நீடிக்கலாம், வாரக்கணக்கிலும் நீடிக்கலாம். இதற்குள் கடலையின் எண்ணெய் சவ்வை உறுத்திப் புண்ணாக்கும். உளுந்து, சுண்டற்கடலை போன்றவையாயின் ஈரத்தில் ஊறிப் பருத்து இன்னும் இறுகிக்கொள்ளும். பிறகு காய்ச்சல், சளி, இளைப்பு. அப்போது அதன் பெயர் நிமோனியா, அல்லது ஆஸ்துமா.

எக்ஸ்ரே எடுத்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். காசும் ஆணியும் தெரியும்; கடலை தெரியாது. அதன் விளைவுகள்தாம் சிலபோது தெரியும். மூச்சை இழுக்கும்போது கிளைக்குழல் சற்று விரிவதால் காற்று துண்டைச் சுற்றி உள்ளே போகும். விடும்போது குழல் சுருங்குவதால் வெளியே வர இயலாது. சைக்கிள் டியூபின் வால்வு போல. அந்தப் பக்கத்து நுரையீரல் ஊதிப் பருத்து, இதயத்தை மறுபக்கம் தள்ளும். மூச்சை விட்ட நிலையில் படம் எடுத்தால் இது புலப்படும். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையிடம், "மூச்சை விட்டு நிறுத்தம்மா" என்று சொல்லிப் பாருங்கள்! படம் முழுக்க இயல்பாக இருந்தும் உள்ளே கடலை இருப்பது அரிதன்று. ஆகவே இந்நோயைக் கண்டுபிடிக்கும் முதற்கருவி எக்ஸ்ரே அன்று, ஒலிகாட்டியும் அன்று. "தின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று இருமியதா?" என்ற கேள்வியும், வீட்டார் சொல்லும் விடையுமே அக்கருவி.

நிற்க. இனிச் சொல்லப்போவது என் பிழை.

இப்பல்கலைக்கழகத்துக்கு வருமுன் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு மருத்துவமனையில் ஓராண்டு இளைய மருத்துவராகப் பணியாற்றினேன். ஊரின் பெயர் வேண்டியதில்லை; பிழை ஊருடையதன்று. சனவரி மாதத்து இரவு ஒன்றில் குழந்தைகள் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்றே முக்கால் வயதுப் பெண் குழந்தை. மூன்று வாரமாக இருமல், இளைப்பு, இடையிடையே காய்ச்சல். ஊரில் இருமுறை மருந்து கொடுத்து, சற்றுக் குறைந்து, மறுபடி வந்திருக்கிறது. நிமோனியா என்று சேர்த்திருந்தார்கள். மூச்சுக்குழலில் ஏதேனும் சிக்கியிருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளவே எங்கள் துறையை அழைத்தார்கள். போனவன் நான்.

குழந்தையின் தாய் அடுத்த பிள்ளையைப் பெற்று வீட்டில் இருந்தாள். பாட்டிதான் கொண்டுவந்திருந்தார். கம்பளிக்குள் குழந்தையை அணைத்தபடி சுவரோரமாகக் குந்தியிருந்தார். அவர் தாய்மொழி போஜ்புரி. எனக்காக இந்தியில் பேசினார். என் இந்தி அப்போது ரயிலில் கற்ற இந்தி. "எப்போது தொடங்கிற்று?" என்று கேட்டேன். "உஸ் தின் சரக் கயா தா, பாபு" என்றார். சரக்னா என்ற சொல் எனக்குத் தெரியும். ரயில் பெட்டியில், "தோடா சரக்கியே" என்று சொல்லித்தானே நம்மை நகரச் சொல்லி இடம் பிடிக்கிறார்கள்! நகர்தல், வழுக்குதல் என்று பொருள். போதாக்குறைக்கு நம் 'சறுக்கு' என்ற சொல்லோடு ஒலியும் ஒத்திருந்தது. குழந்தை எங்கிருந்தோ சறுக்கி விழுந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அருகில் இருந்த கட்டிலைக் காட்டி, "சார்பாயி?" என்றேன். "ஹாம் பாபு, சார்பாயி பர்" என்று தலையசைத்தார். என் ஐயம் தீர்ந்தது. "கட்டிலிலிருந்து சறுக்கி விழுந்ததாகப் பாட்டி கூறுகிறார், காயமில்லை, மூச்சுக்குழலில் பொருள் சிக்கியதற்கான வரலாறு இல்லை" என்று எழுதி, கையெழுத்திட்டு, அறைக்குத் திரும்பித் தூங்கினேன்.

வலப்புறம் மூச்சொலி குறைவாகத்தான் இருந்தது. அதைக் கேட்டேன், அதையும் எழுதினேன். நிமோனியாவிலும் அப்படி இருக்கலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குழந்தைகள் பிரிவினர் என் எழுத்தை நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? கேட்டது எங்களைத்தானே.

மூன்றாம் நாள் விடியற்காலை, இருமலின் நடுவே குழந்தை நீலம் பாய்ந்தது. கிளைக்குழலில் இருந்த துண்டு மேலேறி மூச்சுக்குழலில் நின்று, பிறகு தானாகவே கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லையேல் நாங்கள் அறைக்குள் நுழைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எங்கள் தலைமை மருத்துவர் வந்ததும் தாளைப் படித்தார். பிறகு அங்கிருந்த மூத்த செவிலியரை அழைத்து, பாட்டியிடம் முதலிலிருந்து கேட்கச் சொன்னார். பாட்டி அதே சொல்லைச் சொன்னார். செவிலியர் என்னைப் பார்த்துத் தம் தொண்டையில் விரலால் தட்டிக் காட்டி, "டாக்டர், சரக் கயா என்றால் விழுந்துவிட்டது என்பதன்று, சாப்பாடு மூச்சில் போய்விட்டது" என்றார். குழந்தை அன்று கட்டிலின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது. 'சார்பாயி பர்' என்றால் கட்டிலின் மேல். பாட்டி சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. முதல் நாள் இரவே நோயின் பெயரை அவர் எனக்குச் சொல்லிவிட்டார். எங்கள் பாட்டி, "புரையேறிடுச்சுப்பா" என்று சொல்லியிருந்தால் நான் துள்ளி எழுந்திருப்பேன்.

அன்று காலையே அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். அறுவை என்கிறோமே தவிர, இதில் கத்திக்கு வேலையில்லை. வாய் வழியாகக் குரல்வளையைக் கடந்து நேரான உலோகக் குழாய் ஒன்றைச் செலுத்திப் பார்த்து, பொருளைப் பற்றி எடுப்பதே வேலை. எங்கள் தொழிலில் இதற்கு இணையாக நெஞ்சை அடைக்கும் காரியம் வேறில்லை என்பேன். ஏனெனில் மயக்க மருத்துவருக்கும் அறுவை மருத்துவருக்கும் ஒரே வழி. அவர் காற்றை அனுப்பும் குழாயும் நாங்கள் இடுக்கியை நுழைக்கும் குழாயும் ஒன்றே. மற்ற அறுவைகளில் திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாம் என்று இருப்போம். இங்கே இருவரும் ஒரே சாளரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். அந்த வயதுக்கு நாங்கள் எடுக்கும் குழாயின் வெளிவிட்டம் 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் பக்கவாட்டுக் கிளை வழியே மயக்க மருந்தும் ஆக்சிஜனும் போகும். நடுவே கண்ணாடித் தண்டு வைத்த தொலைநோக்கி. அதனோடு இணைந்த இடுக்கி.

தலைமை மருத்துவர் செய்த முதற் காரியம் எனக்கு வியப்பளித்தது. வாசலில் இருந்த வண்டியிலிருந்து நாலணாக் கனமுள்ள ஒரு கைப்பிடி வேர்க்கடலை வாங்கிவரச் சொன்னார். குழந்தையைத் தூங்க வைக்குமுன், மேசையின் மேல் ஒவ்வோர் இடுக்கியாலும் ஒரு பருப்பைப் பற்றி, எது உடைக்காமல் பிடிக்கிறது என்று பார்த்தார். இறுக்கிப் பிடித்தால் கடலை நொறுங்கும். நொறுங்கினால் ஒரு துண்டு நான்காகி, எட்டாத சிறு கிளைகளுக்குள் சிதறும். தளர்த்திப் பிடித்தால் வழியில் நழுவும். இந்த ஒத்திகையைப் பழக்கமாக்கியவர் பிலடெல்பியாவில் வாழ்ந்த செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர்.

இவ்விருவரையும் பற்றிச் சிறிது சொல்லாமல் போக மனமில்லை. முன்னவர் ஜெர்மானியர், குஸ்தாவ் கில்லியன். 1897-இல் பிரைபர்க் நகரில், ஓர் உழவரின் மூச்சுக் கிளைக்குழலில் சிக்கிய பன்றியெலும்புத் துண்டைக் குழாய் வழியே எடுத்தார். அதற்கு முன் இத்தகையோரிற் பலர் நுரையீரல் அழுகி மாண்டனர். பின்னவர்தாம் ஜாக்சன், 1865 முதல் 1958 வரை வாழ்ந்தவர். குழாயின் நுனியில் சிறு விளக்கு வைத்துக் குழந்தைகளுக்கு ஏற்ற கருவிகளை ஆக்கினார். தாம் எடுத்த பொருள்களை எறியாமல் சேர்த்து வைத்தார். ஊசி, பொத்தான், பல், பொம்மை என 2,300-க்கு மேற்பட்டவை இன்றும் பிலடெல்பியாவில் மூட்டர் காட்சிசாலையின் இழுப்பறைகளில் இருக்கின்றன. எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது வேறொன்று. சலவைக் காரத்தைச் சர்க்கரை என்று விழுங்கி உணவுக்குழல் வெந்த குழந்தைகளைக் கண்டு கண்டு மனம் நொந்து, அப்புட்டிகளில் நஞ்சென்று எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1927-இல் அமெரிக்க நாட்டுச் சட்டமாகவே அது வந்தது. எடுப்பதில் வல்லவர், விழுங்காதிருக்கவும் வழிதேடினார். இன்று நாங்கள் தெளிவாகப் பார்க்க உதவும் தொலைநோக்கி, ஆங்கிலப் பௌதிக அறிஞர் ஹாப்கின்ஸ் 1959-இல் வகுத்த கண்ணாடித் தண்டு முறையில் அமைந்தது.

மீண்டும் அறுவைக் கூடத்துக்கு வருவோம். வலக் கிளைக்குழலின் வாயில் செந்நிறத் தசை வளர்ந்து மூடியிருந்தது; அதன் நடுவே மஞ்சள் நிறத்தில் பாதிப் பருப்பு. அட்ரினலின் கலந்த நீரைத் தெளித்து இரத்தக் கசிவை அடக்கி, தலைமை மருத்துவர் பருப்பைப் பற்றினார். பருப்பு குழாய்க்குள் நுழையாது. ஆகவே பருப்பு, இடுக்கி, குழாய் மூன்றையும் ஒன்றாகவே வெளியே இழுக்க வேண்டும். குரல்வளையின் இடுக்கு வழியாக வரும் அந்தக் கணத்தில்தான் பருப்பு நழுவ வாய்ப்பு மிகுதி. நழுவி மூச்சுக்குழலின் நடுவே நின்றால் இரு நுரையீரலுக்கும் காற்றில்லை. அப்போது என்ன செய்ய வேண்டும் என்று தேர்வில் கேட்பார்கள். விடை முதலில் கேட்போர்க்கு விந்தையாக இருக்கும்: எடுக்கப் போராடாதே, வந்த வழியே ஒரு கிளைக்குழலுக்குள் மறுபடி தள்ளிவிடு. ஒரு நுரையீரலாவது மூச்சு விடட்டும். பிறகு நிதானமாக முயலலாம். அன்று அவ்விடர் நேரவில்லை. பருப்பு தட்டில் விழுந்தது. ஆனாலும் அவர் குழாயை இரண்டாம் முறை செலுத்தி இரு பக்கமும் பார்த்தார். ஒன்றைக் கண்டவுடன் தேடலை நிறுத்துவது அடுத்த பிழையாம். கீழ்க்கிளையில் இன்னொரு துணுக்கும் சீழும் இருந்தன.

குழந்தை பிழைத்தது. சுருங்கிப்போன நுரையீரற் பகுதி விரிய மேலும் மூன்று வாரம் ஆயிற்று. நான் முதல் இரவே சரியாகக் கேட்டிருந்தால் அந்த மூன்று வாரமும் வேண்டியிராது. அந்த விடியற்காலையும் வந்திராது. பாட்டி ஊருக்குப் போகும்போது என் கையில் ஒரு துண்டு வெல்லப் பாகு மிட்டாய் வைத்தார். என் பிழை அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லும் அளவுக்கு இந்தி தெரியாது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு.

இனி நண்பரின் கேள்விக்குரிய மற்றப் பகுதிகளைச் சுருங்கச் சொல்கிறேன். மூக்கில் குழந்தைகள் எதையும் நுழைப்பார்கள்: மணி, பட்டாணி, பஞ்சு, அழிப்பான் துண்டு. ஒரு நாசியில் மட்டும் நாற்றமுள்ள சளி வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இதற்கு இடுக்கி, கொக்கியெல்லாம் எடுக்குமுன் செய்து பார்க்கத் தக்க ஓர் எளிய முறையை 1965-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதினார். அதற்கு 'அன்னை முத்தம்' என்று பெயர். அடைபடாத நாசியை விரலால் மூடிக்கொண்டு, தாய் குழந்தையின் வாயோடு வாய் வைத்து ஒரு முறை விரைவாக ஊதுவாள். பொருள் பின்னிருந்து தள்ளுண்டு கன்னத்தில் தெறிக்கும். பத்துக்கு ஆறு முறை பலிக்கிறது. குழந்தைக்கோ அது முத்தம், அழுவதில்லை. மருத்துவர் அருகிருந்து சொல்லித் தரச் செய்ய வேண்டுவது இது.

பொத்தான் மின்கலத்துக்கு மட்டும் இந்தப் பொறுமை ஆகாது. பொம்மைகளிலும் தொலையியக்கிகளிலும் உள்ள அந்த வட்டத் தகடு மூக்கிலோ உணவுக்குழலிலோ தங்கினால், ஈரத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து அவ்விடத்தில் கடுங்காரம் உண்டாகிறது. ஜாக்சன் கண்ட அதே வேக்காடு, வேறு வேடத்தில்! உணவுக்குழலில் 2 மணி நேரத்துக்குள் ஆழ்ந்த புண் விழக்கூடும். படத்தில் இது காசு போலவே தோன்றும். விளிம்பில் இரட்டை வளையம் தெரிகிறதா என்று பார்த்து வேறுபடுத்துகிறோம். காசு காலை வரை காத்திருக்கலாம், மின்கலம் காத்திராது.

காதைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும். நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழல் பெரியவர்க்குச் சரிந்து நீண்டிருக்கும். குழந்தைக்கு அதில் பாதி நீளம், ஏறத்தாழக் கிடைமட்டம். மூக்குச்சளி எளிதிற் காதுக்குப் போவதும், நடுக்காதில் பசை போன்ற நீர் தேங்கிச் செவி மந்தமாவதும் இதனால்தான். வகுப்பில் கவனமில்லாதவன் என்று அடி வாங்கும் பிள்ளைகளிற் சிலர் உண்மையில் கேளாத பிள்ளைகள்.

பிறவிச் செவிடோ இதனினும் நுட்பமாக மறைந்திருக்கும். கேளாக் குழந்தையும் முதற் சில மாதங்கள் ஒலியெழுப்பும். கைதட்டினால் நிழலையோ காற்றையோ உணர்ந்து திரும்பும். கூர்ந்து பழகும் தாய்தான், "கூப்பிட்டால் பார்க்கமாட்டேன் என்கிறதே" என்று முதலில் ஐயுறுகிறாள். "நாளானால் சரியாகும், அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று அவளை அடக்கிவிடுகிறோம். நல்ல செவி தானே மெல்லிய ஒலியை வெளிவிடுகிறது என்று 1978-இல் இலண்டனில் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். அதனைக் கொண்டு, தூங்கும் சிசுவின் காதைச் சில நிமிடங்களில் சோதிக்கலாம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது இன்று நாங்கள் வைத்துக்கொள்ளும் குறி. மூளை மொழிக்குத் திறந்து வைத்திருக்கும் வாசல் வயதோடு அடைபடுவதால் இத்துணை அவசரம்.

வீட்டில் செய்யத்தக்கதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள்; அதைவிட நல்ல கருவி எவரிடமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் தேடாதீர்கள். இன்னும் உள்ளே போகும். இருமவும் அழவும் இயலாமல் போனால், ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்டுக. பின் மல்லாத்தி மார்பெலும்பின் மேல் 5 முறை அழுத்துக. மாறி மாறிச் செய்க. மூத்த குழந்தையாயின் முதுகில் தட்டுவதோடு, பின்னின்று அணைத்துத் தொப்புளுக்கு மேலே உட்புறமாகவும் மேற்புறமாகவும் அமுக்குக. இதனை 1974-இல் ஹைம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பினார். இருமல் தானே அடங்கிவிட்டாலும், தின்றது கடலையாக இருந்தால் மருத்துவரிடம் வந்து அந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு என் சட்டைப்பையில் ஒரு சிறு ஏடு வைத்திருக்கிறேன். முதற் பக்கத்தில் ஒரே பொருள்தரும் சொற்கள். இந்தியில் சரக் கயா, மராத்தியில் டசகா லாக்லா, வங்காளத்தில் பிஷம் கேயேச்சே, தெலுங்கில் பொலமாரிந்தி, கன்னடத்தில் நெத்திகெ ஹத்திது, மலையாளத்தில் நெறுகயில் கயறி. கன்னடத்தாரும் மலையாளத்தாரும் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது என்றே சொல்கிறார்கள் என்பது, நாம் உச்சியில் தட்டுவதை எண்ணும்போது வேடிக்கையாக இருக்கிறது. அசாமிக்கும் சந்தாலிக்கும் காஷ்மீரிக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். நம் விடுதிகளில் அம்மொழி பேசும் தோழர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் யாருக்கேனும் புரையேறும்போது அவர்களிடம் அச்சொல்லைக் கேட்டு, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எனக்குச் சொல்லுங்கள்.